வால்பாறை டிரைவரும் மெக்சிகோ ரோடும்

டாம்டாம் என்கிற நெதர்லாந்து நிறுவனம் வருஷா வருஷம் உலக நகரங்களின் போக்குவரத்து நெரிசலை அளந்து பட்டியல் போடும். 2024-ஆம் வருஷத்துப் பட்டியலில் எங்கள் புனேவுக்கு நாலாவது இடம். பத்து கிலோமீட்டர் போகச் சராசரியாக 33 நிமிடம் 22 நொடி. இதைச் செய்தியில் பார்த்து எங்கள் ஆபீஸில் ஒருத்தரும் அதிரவில்லை. சாயங்காலம் சாக்கன் தளேகாவ் சௌக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், 33 நிமிடமா, அவ்வளவு சீக்கிரமாகவா என்பார்.

நாள் முழுக்க முதல் கியரும் இரண்டாம் கியருமாக உருட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து திரையில் கார் ஓட்டுகிறவர்கள் இந்த ஊரில் அதிகம் என்று எனக்கொரு நம்பிக்கை. ஆதாரம் கேட்காதீர்கள். ஆனால் நான் மெக்சிகோவில் கார் ஓட்டுகிற கதையை ஆபீஸ் மதியச் சாப்பாட்டில் சொன்னதிலிருந்து, "எந்த கேம்ல ஆரம்பிக்கிறது, எனக்கு வருமா" என்று கேட்டு வருகிறவர்கள் நின்றபாடில்லை. பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். கேட்கும்போதே கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், ஏதோ வட்டிக்குக் கடன் கேட்கிற மாதிரி. அவர்களுக்குத்தான் இது.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்த வகை விளையாட்டு ஒன்றும் புதுசில்லை. 1999-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மிட்டவுன் மேட்னஸை நினைவிருக்கிறதா? சிகாகோ நகரம் முழுக்கத் திறந்து கிடக்கும், போட்டி வேண்டாமென்றால் சும்மா சுற்றலாம். அப்புறம் 2005-இல் நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு கொடுத்து, போலீஸ் துரத்தத் துரத்த அந்த நீலமும் வெள்ளியுமான பிஎம்டபிள்யூவில் பறந்த தலைமுறை இன்று ஹிஞ்சவாடியில் மேனேஜர்களாக உட்கார்ந்திருக்கிறது. இடையில் கல்யாணம், குழந்தை, இஎம்ஐ என்று இருபது வருஷம் ஓடிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் பட்டன்கள் இரட்டிப்பாகிவிட்டன, வரைபடத்தில் ஐகான்கள் மொய்க்கின்றன. ஐந்தே நிமிடத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள்.

நான் எல்லாருக்கும் சொல்வது மெக்சிகோவில் நடக்கும் ஃபோர்சா ஹொரைசன் 5. இங்கிலாந்தில் லெமிங்டன் ஸ்பா என்ற ஊரில் இருக்கும் பிளேகிரவுண்ட் கேம்ஸ் செய்தது, 2021 நவம்பரில் வந்தது. முதலில் எக்ஸ்பாக்ஸிலும் கம்ப்யூட்டரிலும் மட்டும் இருந்தது. 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்துவிட்டதால், "எங்க வீட்டுல இருக்கிறது அது இல்லையே" என்ற சாக்கு இனிமேல் செல்லாது. கம்ப்யூட்டர் என்றால் ஜிடிஎக்ஸ் 970 அளவுக்காவது கிராபிக்ஸ் கார்டு, எட்டு ஜிபி ரேம், 110 ஜிபி காலி இடம் வேண்டும். அந்த 110 ஜிபியை மட்டும் வியாழக்கிழமை இறக்க உட்காராதீர்கள். பராமரிப்பு என்று சொல்லி மின்சாரத்தை நிறுத்துகிற கிழமை இங்கே அதுதான். விசித்திரம் என்னவென்றால் கேமுக்குள்ளும் வியாழன்தான் விசேஷம். வாரத்துக்கு ஒரு பருவம் என்று மெக்சிகோவில் மழைக்காலமும் புயல்காலமும் மாறுவது அன்றைக்குத்தான். போசரி பக்கம் நிறைய தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறையும் வியாழன். யாரோ நம் ஊரை நினைத்து வைத்த மாதிரி இருக்கும்.

கீபோர்டில் ஓட்ட வேண்டாம். விசை என்பது அழுத்தினால் முழுசு, விட்டால் பூஜ்யம். ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதிப்பது என்ற காரியமே அதில் நடக்காது, கார் ஓட்டுவதில் முக்கால்வாசி அந்தப் பாதி மிதிதான். கன்ட்ரோலரில் வலது விரலுக்கு ஆக்ஸிலரேட்டர், இடது விரலுக்கு பிரேக், எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு. புதவார் பேட்டில் தப்கீர் கல்லி பக்கம் போனால் விலை பேசி வாங்கலாம், ஆனால் கடையிலேயே செருகி இரண்டு டிரிகரும் ஒழுங்காகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஸ்டியரிங் வீல் செட் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம், இப்போதைக்கு. இந்த கேம் கன்ட்ரோலரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. வீலை மேஜையில் மாட்டி, பெடலைத் தரையில் வழுக்காமல் நிறுத்தி, வீட்டில் இருப்பவர்களைச் சமாளித்து முடிப்பதற்குள் ஓட்டுகிற ஆசையே போய்விடும்.

ஆரம்பமே அமர்க்களமாக இருக்கும். விமானத்திலிருந்து ஃபோர்டு பிரான்கோவை எரிமலை உச்சியில் இறக்கிவிடுவார்கள். அப்புறம் கார்வெட், பழைய போர்ஷே, கடைசியில் மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஒன். அரை நிமிடத்தில் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர். இதில் எங்கே போனாலும் கேம் உங்களைக் கைவிடாது, பயப்படாமல் போங்கள். முடிந்ததும் மூன்று கார்களைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லும்: கார்வெட், டொயோட்டா சுப்ரா, பிரான்கோ. எல்லாரும் கார்வெட்டையோ சுப்ராவையோ எடுப்பார்கள், பார்க்க அழகு. நான் பிரான்கோவை எடுக்கச் சொல்வேன். புதுசாக ஓட்டுகிறவர்கள் ரோட்டில் இருப்பதைவிடக் காட்டில்தான் அதிக நேரம் இருப்பார்கள். பிரான்கோவுக்குக் காடு பழக்கம்.

இனி செட்டிங்ஸ். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

என் அக்கா பையன் இங்கே இன்ஜினியரிங் படிக்கிறான். "எல்லா அசிஸ்ட்டையும் ஆஃப் பண்ணுங்க சித்தி, அப்பத்தான் அது டிரைவிங்" என்பது அவன் கட்சி. ஒவ்வொரு உதவியை அணைக்கும்போதும் பரிசுப் பணம் சில சதவீதம் கூடும் என்று கேமும் ஆசை காட்டும். இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். எதிராளிகளின் திறமை என்று ஒரு வரிசை இருக்கும். அதில் ஆகக் கீழே இருப்பது டூரிஸ்ட், நமக்காகக் காத்திருப்பது போலவே ஓட்டுவார்கள். வெட்கப்படாமல் அங்கே ஆரம்பியுங்கள். தொடர்ந்து ஜெயித்தால் ஒரு படி ஏறலாமே என்று கேமே கேட்கும். ஏபிஎஸ் இருக்கட்டும், டிராக்ஷன் கன்ட்ரோல் இருக்கட்டும், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கட்டும், கியர் தானாகவே மாறட்டும். சேதம் என்பதை வெறும் தோற்றத்துக்கு மட்டும் வையுங்கள். கார் நசுங்கும், ஆனால் ஓடும். ஒரு உதவியை மட்டும் வேண்டாம் என்பேன், ஸ்டியரிங்கைத் தானே திருப்புகிற ஆட்டோ ஸ்டியரிங். அதுவும் இருந்தால் நமக்கு அங்கே என்ன வேலை?

ரோட்டின் மேல் அம்பு அம்பாக ஒரு கோடு ஓடும். சிவப்பானால் பிரேக் என்று அர்த்தம். முதலில் அது முழுசாக இருக்கட்டும். கொஞ்சம் பழகியதும் பிரேக் பிடிக்கிற இடத்தில் மட்டும் தெரிகிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். முழுக் கோட்டை நெடுநாள் வைத்திருந்தால் கண் கோட்டை விட்டு ரோட்டுக்கே வராது. அப்புறம் ரீவைண்ட். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஒய் பட்டன், பிளேஸ்டேஷனில் முக்கோணம். அழுத்தினால் சில நொடிகள் பின்னால் போகும். ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது வாத்தியார். விட்ட அதே வளைவை அடுத்த கணமே மறுபடி எடுத்துப் பார்க்க உலகத்தில் வேறு எந்த டிரைவிங் ஸ்கூலிலும் வசதி இல்லை. ஆன்லைன் போட்டியில் மட்டும் கிடையாது.

பிரேக் பற்றி நான் பேசினால் நிறுத்த மாட்டேன். பிரேக் பாகம் செய்கிற கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை, சம்பளமே அதில்தான் வருகிறது. ஆனால் என்னைவிட நன்றாக இதைப் புரியவைத்தவர் எங்கள் பெரியப்பா. பொள்ளாச்சிக்காரர். அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், பணிக்காலத்தில் பெரும்பகுதி வால்பாறை லைன். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. புனேவுக்கு வந்திருந்தபோது ஒரு மழை நாளில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். அக்கா பையன் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்து, "தாத்தா, ஓட்டிப் பாருங்க" என்றான்.

வாங்கியதும் முதலில் கேட்டது, "ஏங்கண்ணு, ஹாரன் எங்கிருக்குது?"

இடது குச்சியை அப்படியே உள்ளே அமுக்கினால் ஹாரன். கேமில் அதைத் தேடிக் கேட்ட ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அடுத்தது, "என்னடா இது, அத்தன பேரும் ராங் சைடுல வர்றானுக?" மெக்சிகோவில் வண்டிகள் வலது பக்கம் போகும் என்று சொன்னோம். நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனால் வளைவு வந்தது பாருங்கள். பையன்கள் எல்லாரும் வளைவுக்குள் புகுந்த பிறகு பதறிப் பிரேக்கை அமுக்குவார்கள், கார் நேராகப் போய் கள்ளிச்செடியில் நிற்கும். பெரியப்பா வளைவுக்கு வெகு முன்னாலேயே, கார் நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்துவிட்டார். வளைவுக்குள் பிரேக்கே இல்லை. திருப்பினார், பாதி தாண்டியதும் மெல்ல ஆக்ஸிலரேட்டர். வண்டி கோடு போட்ட மாதிரி வெளியே வந்தது. பையன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"வளைவுல வந்து பிரேக் அடிச்சா பஸ்ஸு கேக்குமா? அதெல்லாம் மொதல்லயே முடிச்சுரோணும்" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் பிடிமானம் ஓர் அளவுக்குட்பட்டது. அதை பிரேக்கும் ஸ்டியரிங்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. முழுசையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மீதி இல்லை, எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகத்தான் போகும். ஆக்ஸிலரேட்டரும் அப்படியே. பின்சக்கரத்தில் ஓடும் காரில் வளைவு நடுவே முழுசாக அமுக்கினால் பின்பக்கம் முன்னே வந்துவிடும். வளைவுக்கு வெளியோரத்திலிருந்து நுழைந்து, உள்ளோரத்தைத் தொட்டு, மறுபடி வெளியோரம் போனால் அதே வளைவு கொஞ்சம் நேராகிவிடும். கேமில் மட்டும் செய்யுங்கள், தாம்ஹிணி மலைப்பாதையில் எதிரே எஸ்டி பஸ் வரும்.

பெரியப்பாவுக்கு பஸ் வேண்டுமே என்று பையன் போனில் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவை எடுத்துக் காட்டினான். நம் ஊர்ப் பசங்க அதற்குத் தமிழ்நாட்டு அரசு பஸ்களை அச்சு அசலாக வரைந்து மாட்டியிருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பார்த்துவிட்டு, "பெயிண்டு செரி, இன்ஜின் சத்தம் தப்பு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுபடி ஃபோர்சாவுக்கு வருவோம். காரின் பக்கத்தில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். டி-யில் ஆரம்பித்து, 500 வரை டி, 600 வரை சி, 700 வரை பி, 800 வரை ஏ, அதற்குமேல் எஸ்1, எஸ்2, உச்சியில் எக்ஸ். எதிராளிகளும் உங்கள் காரின் வகுப்பிலேயே வருவார்கள், அதனால் மெதுவான காரில் போனால் தோற்போம் என்ற கவலை தேவையில்லை. இந்த கேம் ஆரம்பக்காரர்களைக் கெடுக்கிற இடம் ஒன்று உண்டு என்பது என் அபிப்பிராயம். சக்கரத்தைச் சுற்றினால் பரிசு என்று லாட்டரி மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். முதல் சாயங்காலமே கோடிக்கணக்கில் விலை போகிற ராட்சசக் கார் ஏதாவது கையில் விழும். விழுந்தால் கராஜில் பூட்டி வையுங்கள். பி வகுப்பில், மஸ்தா எம்எக்ஸ்-5 மாதிரி சின்னக் காரில் பழகுங்கள். தப்பு செய்தால் எதனால் என்று புரிகிற அளவுக்கு மெதுவாக நடக்கும். காருக்கு ஏதாவது மாற்ற ஆசைப்பட்டால் முதலில் டயர், பிறகு எடைக் குறைப்பு, பிரேக், கடைசியில் இன்ஜின். எல்லாரும் தலைகீழாகச் செய்வார்கள். வகுப்புக்கு ஏற்றபடி கேமே தானாக மாற்றித் தரும் வசதியும் உண்டு, மற்றவர்கள் செய்து வைத்த ட்யூனிங்கை இறக்கிக்கொள்ளவும் முடியும். அந்தக் கணக்கெல்லாம் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

வரைபடத்தில் மொய்க்கும் ஐகான்களை ஒவ்வொன்றாக முடிக்கிற வேலையில் மட்டும் இறங்காதீர்கள். அது ஆபீஸ் வேலை. ஐந்நூற்றுக்கும் மேல் சாலைகள் இருக்கின்றன, ஓட்டினால்தான் வரைபடத்தில் நிறம் மாறும். எனக்கு அதுவே போதும். குவானஹுவாட்டோ என்ற மலைநகரம் உண்டு, நிஜ மெக்சிகோவிலும் இருக்கிற ஊர். மஞ்சளும் சிவப்புமாக வீடுகள், சந்து சந்தாக ரோடு, ஊருக்கு அடியில் சுரங்கப்பாதை. ராத்திரி சுரங்கத்துக்குள் பழைய காரில் மெதுவாகப் போனால் இன்ஜின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்கலாம்.

வோச்சோ என்ற கதைத் தொடரைத் தவறவிடாதீர்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு மெக்சிகோக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் அது. பழைய பீட்டில் உலகத்தில் கடைசியாகச் செய்யப்பட்டது அங்கே புவெப்லா நகரத்து ஆலையில்தான், 2003 ஜூலை மாதக் கடைசியில். புவெப்லாவுக்கு ஃபோக்ஸ்வாகன் எப்படியோ அப்படித்தான் எங்கள் சாக்கனுக்கும். 2009-இல் இங்கே ஆலை திறந்தார்கள், அதைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள், ஷிஃப்ட் பஸ்கள், வடாபாவ் வண்டிகள். கார் செய்கிற ஊர்க்காரர்களுக்குக் கார் மேல் ஒரு சொந்தம் வந்துவிடும், அது தங்களால் வாங்க முடியாத காராக இருந்தாலும். அந்தக் கதையை விளையாடும்போது எனக்குப் புவெப்லாக்காரர்கள் அந்நியமாகத் தெரியவில்லை.

எங்கள் ஊர்க் கார் ஒன்றும் இந்த வரிசையில் சேர இருந்தது, தெரியுமா? பிம்ப்ரியில் ஆலை வைத்திருக்கும் டாடா மோட்டார்ஸ், டாமோ என்ற துணைப்பெயரில் ரேஸ்மோ என்று ஒரு காரை 2017 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் காட்டியது. இரண்டு பேர் உட்காரலாம், இன்ஜின் முதுகுக்குப் பின்னால். வெறும் 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல், ஆனால் 190 குதிரைத்திறன். நூறு கிலோமீட்டர் வேகத்தை ஆறு நொடிக்குள் தொடும் என்றார்கள். மைக்ரோசாஃப்டோடு கைகோத்து ஃபோர்சா ஹொரைசன் 3-இல் அதை இறக்குவதாகவும் அறிவித்தார்கள். அந்தத் தொடருக்குள் போகும் முதல் இந்தியக் கார் என்று இங்கே ஒரே பெருமை. காபி மெஷின் பக்கத்தில் அதையே பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் திட்டத்தைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள், கார் ஷோரூமுக்கு வரவே இல்லை. ஆஸ்திரேலியாவில் நடக்கும் அந்த கேமும் 2020 செப்டம்பரோடு விற்பனையிலிருந்து போய்விட்டது. பழைய டிஸ்க் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள்.

கேம்கள் ஏன் இப்படி விற்பனையிலிருந்து போகின்றன என்பதை வாங்கும் முன்னால் தெரிந்துகொள்ளுங்கள். கார் கம்பெனிகளிடமும் பாட்டுக் கம்பெனிகளிடமும் குறிப்பிட்ட வருஷங்களுக்குத்தான் அனுமதி வாங்குகிறார்கள். முடிந்ததும் கடையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். நான்காவது பாகம் 2024 டிசம்பரில் அப்படிப் போனது. ஏற்கெனவே வாங்கியவர்கள் விளையாடலாம், அது ஆறுதல். அந்த ஆறுதலும் இல்லாத கேம் உண்டு. யூபிசாஃப்டின் தி க்ரூ, அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வைத்த அருமையான கேம், 2014-இல் வந்தது. இணையம் இல்லாமல் ஓடாது. 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள், காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அன்றோடு சரி. கேம்களைக் கொல்லாதீர்கள் என்று உலகம் முழுக்க ஓர் இயக்கமே அதிலிருந்து கிளம்பியது. யூபிசாஃப்டுக்குப் புனேயிலும் ஸ்டுடியோ இருக்கிறது, ஆனால் தி க்ரூ பிரான்ஸில் லியோன் நகரத்துக்காரர்கள் செய்தது. இங்கே யாரையும் திட்டிப் பிரயோஜனமில்லை.

ஆகவே ஐந்தாவது பாகத்தை வாங்குவதாக இருந்தால் தள்ளுபடிக்கு வேண்டுமானால் காத்திருங்கள், வருஷக்கணக்கில் காத்திருக்காதீர்கள். இணையம் இல்லாவிட்டாலும் தனியாக ஓட்டலாம் என்பது இதற்கு இன்னொரு பலம். ஆறாவது பாகத்தை 2025 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் அறிவித்தார்கள், 2026-இல் வெளியீடு என்று. களம் ஜப்பான். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பேர்போன நாடு.

பெரியப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். வளைவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஜப்பானில் எந்தப் பக்கம் ஓட்டுவார்கள் என்று மட்டும் கேட்டார். நம்மைப் போல இடது பக்கம்தான் என்றேன்.

"அப்பச் செரி, அடுத்த வாட்டி வாரப்ப எடுத்து வெய்யி கண்ணு."